என் கன்னத்தில் இருந்தது தொதல் அல்ல

1

போன வாரம் கீழக்கரையிலிருந்து வந்திறங்கிய என் மச்சினன், கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டே கேட்டான்: "மச்சான், உங்களுக்குச் சீனி வியாதி முத்திப்போயி பல்லெல்லாம் கொட்டிருச்சாமே? டீக்கடையில நின்னுக்கிட்டு நாள் பூரா இனிப்பைத் தின்னா பல்லு எப்படி நிக்கும்னு வாப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காக."

வாப்பா என்று அவன் சொல்வது என் மாமனாரை. அவர் அசர் தொழுகைக்குப் பிறகு ஒன்றைச் சொன்னால் மஃரிபுக்குள் அது கடற்கரை வரை போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே அவரோடு போட்டி போடாமல் ஊராருக்கு நேரடியாகவே எழுதிவிடுகிறேன். எனக்குச் சீனி இருப்பது உண்மை. பல் போனதும் உண்மை. ஆனால் போனது இரண்டே இரண்டு, அதுவும் கடைவாயில், சிரித்தால் தெரியாது. இனிப்பைத் தின்று போனது என்பது மட்டும் பொய். நான் இனிப்பைக் கையால்கூடத் தொடாமல் இருந்த காலத்தில்தான் இவ்வளவும் நடந்தது. அப்போது என்னை ஒரு மனிதரும் நம்பவில்லை. கட்டிய மனைவியும் நம்பவில்லை.

2

நான் இந்த நாட்டுக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். கிள்ளானில் உறவுக்காரர் கடையில் மங்கு, தட்டு கழுவினேன், ரொட்டி வீசினேன், டீ ஆற்றப் பழகினேன். பிறகு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கடையை எடுத்தேன். இங்கே இதற்கு தே தாரேக் என்று பெயர். நம் ஊர் டீதான். இன்னும் உயரத்திலிருந்து ஆற்றுவார்கள், பாலுக்குப் பதிலாகக் கெட்டியான டின்பாலை ஊற்றுவார்கள். டின்பாலே இனிப்பு. அதற்கு மேல் சீனி போடு என்று கேட்பவர்களும் உண்டு, அவர்கள்தான் அதிகம்.

இந்த நாட்டில் சர்க்கரை வியாதிக்கு மலாயில் இனிப்பு மூத்திரம் என்று பச்சையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். இங்குள்ள தமிழர்கள் கொஞ்சம் நாகரிகமாக இனிப்பு நீர் என்பார்கள். நான் சிறுவனாக இருந்த காலத்தில் நம் தெருவில் இதற்குப் பெயரே கிடையாது. ரத்தம் சோதிக்க ஆளில்லை, அதனால் வியாதியும் இல்லை. ஒருவர் இளைத்து இளைத்து ஒருநாள் மௌத்தாகிப்போனால், அவருக்கு எழுதியது அவ்வளவுதான் என்று அடக்கம் செய்துவிட்டு வருவோம்.

என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அரசாங்கக் கிளினிக் இருக்கிறது. புதன்கிழமை காலை அங்கே இனிப்பு நீர்க்காரர்களின் நாள். எங்களுக்கெல்லாம் ஒரு வழிமுறை இருந்தது. சோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து சோறு கிடையாது, சீனி கிடையாது, பாகற்காயும் வெந்தயமும்தான். செவ்வாய்க்கிழமை பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் பாகற்காய் வாசனை அடிக்கும். புதன் காலை வெறும் வயிற்றோடு போய் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி நேராக என் கடைக்கு வந்துவிடுவார்கள். இரண்டு நாள் விரதத்தை முடித்து வைக்க தே தாரேக், ரொட்டி, சிலருக்கு நெய் தடவிச் சீனி தூவிய ரொட்டி. புதன்கிழமை காலையில் என் கடையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் முழங்கையிலும் பஞ்சு இருக்கும். நானும் அவர்களோடு வரிசையில் நின்று ரத்தம் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு முன்னால் ஓடிவந்து டீ ஆற்ற நின்றுகொள்வேன். என் முழங்கையிலும் பஞ்சுதான்.

இந்தப் பஞ்சுக் கூட்டத்துக்குத் தலைவர் நவரத்தினம் அங்கிள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது இங்கேதான். ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்து டையை மட்டும்தான் கழற்றினார், மற்ற மிடுக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. எங்கள் சீட்டுகளில் சீனி அளவு அழகாக இறங்கியே இருக்கும். டாக்டர்கள் எங்களைப் பாராட்டுவார்கள். பதினைந்து வருஷம் இப்படி நல்ல பெயர் வாங்கினோம்.

3

போன வருஷம் அந்த நல்ல பெயருக்கு ஆபத்து வந்தது. கிளினிக்குக்குப் புதிதாக வந்த சீன டாக்டரம்மா, இனிமேல் வேறொரு சோதனையும் செய்யப்போவதாகச் சொன்னார். அது போன மூன்று மாதம் ரத்தத்தில் சீனி எப்படி இருந்தது என்ற கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுமாம். இரண்டு நாள் பாகற்காய் அதனிடம் பலிக்காது.

"ஐசே பாய்," என்றார் நவரத்தினம் அங்கிள், டீயை அப்படியே வைத்துவிட்டு. "திஸ் இஸ் நாட் ஃபேர். ரயில்வேயில்கூட நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் இன்ஸ்பெக்ஷன் வருவான்."

முடிவு வந்தபோது எங்கள் எல்லோருடைய வண்டவாளமும் வெளியே வந்தது. என்னுடையது மிக மோசம். மாத்திரையை இதற்கு மேல் கூட்ட முடியாது, அடுத்த முறையும் இப்படி இருந்தால் தினமும் இன்சுலின் ஊசி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். என் மனைவி சபுரா கூடவே வந்திருந்தாள். அவள் என் மாமி மகள். எண்பதுகளில் மகளைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தவள். இத்தனை வருஷமும் என் சீட்டைப் பார்த்து, "எம் மச்சான் வாயைக் கட்டுற மாதிரி யாரும் கட்ட முடியாது" என்று பக்கத்து வீடுகளில் பெருமை பேசிக்கொண்டிருந்தவள். அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் தீர்ப்பைச் சொன்னாள்.

"அடுத்த மூணு மாசச் சோதனையிலயும் ஏறியிருந்தா நீங்க டீ ஆத்துற இடத்துல நிக்கக் கூடாது மச்சான். கல்லாவுல உக்காருங்க. டீக்கு வேற ஆளைப் போடுவோம்."

ஊசியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். டீ ஆற்றும் இடத்தை விடுவது எப்படி? வாசலைப் பார்த்த அந்த மேடையில் நின்று, வருபவன் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு எந்த டீ என்று சொல்லிவிடுவேன். அதைத் தவிர எனக்கு வேறு ஒரு வித்தையும் தெரியாது. கல்லாவில் உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் நான் கிழவன்.

ஆகவே அன்றே நிறுத்தினேன். இந்த முறை நிஜமாகவே. சீனி இல்லை, டின்பால் இல்லை, கேசரி இல்லை, சோறு ஒரு கைப்பிடி. இதில் பெரிய சிக்கல் என் தொழில்தான். டீக்காரன் ஒவ்வொரு முறை புதிதாகச் சாயம் இறக்கும்போதும் ஒரு மிடறு குடித்துப் பார்த்துத்தான் அன்றைய சீனியையும் பாலையும் தீர்மானிப்பான். ஒரு நாளில் எத்தனை மிடறு போகும் என்று எனக்கே தெரியாது. நாக்கை நான் மூடிவிட்டால் கடைக்கு நாக்கு வேண்டுமே! நவரத்தினம் அங்கிள் முன்வந்தார்.

"உங்களுக்கும் சீனி இருக்கே அங்கிள்?"

"டேஸ்ட் பாக்கிறது கணக்கில வராது பாய்" என்றார்.

ஒவ்வொரு முறையும் ஒரு மிடறு வாயில் வைத்து, கண்ணை மூடி, மேலே பார்த்து, "இன்னும் கொஞ்சம் இனிப்பு வேணும்" என்பார். ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை. நான் இனிப்பை விட்ட காரணத்தால் பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் முன்னைவிட இனிப்பான டீயைக் குடித்தது. வியாபாரம் கூடியது என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு மாதம் போனது. வழக்கமான புதன்கிழமைச் சோதனைக்குத் தலையை நிமிர்த்திக்கொண்டு போனேன். சீனி முன்னைவிட ஏறியிருந்தது.

பதினைந்து வருஷம் ஏமாற்றியபோது இறங்கியிருந்தது, யோக்கியனாக இருந்த மாதத்தில் ஏறிவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்ல? "சத்தியமா நான் ஒண்ணும் தின்னல புள்ள" என்று ஆரம்பித்தேன்.

"சத்தியம் மட்டும் பண்ணாதீங்க" என்றாள் சபுரா. "பொய்ச் சத்தியத்துக்கு வேற தனியா நோன்பு பிடிக்கணும். டாக்டரு உங்களை நோன்பே பிடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு."

என் மகள் நஸீமா அதைவிட மோசம். ஐந்தாம் படிவம், நம் ஊர்க் கணக்கில் பதினொன்றாவது, படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மலாய், தோழிகளோடு ஆங்கிலம், எங்களோடு மட்டும் தமிழ், அதுவும் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும். "வாப்பா திப்பு லா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். திப்பு என்றால் மலாயில் ஏமாற்று, லா என்பது இங்கே எல்லாப் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் வால். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால்தான் அவளைப் பற்றி இங்கே தைரியமாக எழுதுகிறேன்.

அடுத்த நாளிலிருந்து சபுரா கடையில் வந்து உட்கார்ந்தாள். கல்லாவில் இருப்பதுபோல இருந்துகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொழப் போகும் நேரத்தில் நவரத்தினம் அங்கிளைக் காவல் வைத்தாள். அவள் திரும்பி வந்ததும் அவர் எழுந்து நின்று, "மேடம், நில் ரிப்போர்ட், ஒண்ணும் தொடல்லை" என்பார். அதையும் அவள் நம்பவில்லை. அங்கிளுக்கு ஓசி டீ கொடுப்பது நான்தானே.

4

இந்த நேரத்தில் ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் மாமி ஒரு தொதல் பொட்டலம் கொடுத்தனுப்பினார். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணிக்கணக்கில் கிண்டி, நெய் கசியக் கசிய எடுத்த கீழக்கரைத் தொதல். 'மாப்பிள்ளைக்கு மட்டும்' என்று மேலே எழுதி வேறு இருந்தது. மலாய்க்காரர்களிடமும் கிட்டத்தட்ட இதே பண்டம், கிட்டத்தட்ட இதே பெயரில் உண்டு. ஆனால் அதைப் பற்றி மாமியிடம் பேசி நான் வீணாக வம்பை வாங்கமாட்டேன். சபுரா அதைப் பிரிக்காமல் அலமாரியின் மேல் தூக்கி வைத்தாள். எண்ணெய் கசிந்த பொட்டலத்தைப் பார்த்து நஸீமா மூக்கைச் சுளித்தாள். "எண்ணெய் எண்ணெயா இருக்கு, யார் சாப்பிடுவா?" என்றாள்.

இப்போது நான் ஒளித்து வைத்திருந்த விஷயத்தைச் சொல்லவேண்டும். சில மாதங்களாகவே பல் விளக்கும்போது ரத்தம் வந்துகொண்டிருந்தது. மிஸ்வாக் குச்சியை இன்னும் அழுத்தித் தேய்த்தால் சரியாகிவிடும் என்று தேய்த்தேன். மேலும் ரத்தம் வந்தது. வெளியே சொன்னால் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவார்கள். ஊரில் பல் பிடுங்குகிறவர் தொழில் செய்த அழகைப் பார்த்தவன் நான். நாலு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் முழங்காலை நெஞ்சில் ஊன்றுவார். அந்த நினைப்பில் கிராம்பை அடக்கிக்கொண்டு ஒரு பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடைக்கு வந்தபோது இடது கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. கூட்ட நேரம். நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். சபுரா வீட்டிலிருந்து விடுவிடென்று வந்தாள். கையில் தொதல் பொட்டலம். பிரிந்திருந்தது. ஓர் ஓரம் காணவில்லை.

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள், என் கன்னத்தைப் பார்த்தாள்.

"வாயைத் திறங்க."

"ஆளு இருக்காங்க புள்ள..."

"இருக்கட்டும். வாயைத் திறங்க மச்சான்."

கடை அப்படியே நின்றுவிட்டது. ரொட்டி வீசிக்கொண்டிருந்தவர் மாவைக் கையில் வைத்தபடி நின்றார். நவரத்தினம் அங்கிள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "பாய், இன்ஸ்பெக்ஷன்னா இன்ஸ்பெக்ஷன்தான். ஓப்பன் பண்ணும்" என்றார்.

திறந்தேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். சபுரா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, ஆட்டு வியாபாரி பல் பார்ப்பதுபோல உள்ளே பார்த்தாள். நேரம் போனது. கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தில் இருந்த கோபம் எங்கேயோ போயிருந்தது.

"யா அல்லாஹ்! சீழ் வச்சிருக்கு. இவ்வளவு நாளா இதை வச்சுக்கிட்டா சோறு தின்னீங்க?"

தொதலின் ஓரம் எங்கே போனது என்பது அன்று சாயங்காலம் தெரிந்தது. என் முகத்தின் வீக்கத்தைப் பார்த்துப் பயந்துபோன நஸீமா தானாகவே வந்து சொன்னாள், தான்தான் தின்றதாக. ஒரு நாள் கொஞ்சம், மறுநாள் கொஞ்சம். "சும்மா டேஸ்ட் பாத்தேன் வாப்பா. நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள், குற்றவாளி மாதிரி. பல் வலியோடும் எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. எண்ணெய் எண்ணெயாக இருக்கிற எங்கள் ஊர் அவளை விட்டு முழுசாகப் போய்விடவில்லை.

5

திங்கட்கிழமை மூவருமாகக் கிளினிக் போனோம். எனக்கும் சபுராவுக்கும் தெரிந்தது பாசார் மலாய், சந்தையில் பேசும் கொச்சை மட்டும்தான். அதனால் நஸீமா பள்ளிக்கு லீவு போட்டு வந்தாள். கட்டிடத்தில் கீழே பல், மேலே இனிப்பு நீர்.

கீழே இருந்த மலாய்ப் பல் டாக்டர் தங்கமான மனிதர். யாரும் என் நெஞ்சில் முழங்காலை ஊன்றவில்லை. பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஈறு முழுக்கக் கெட்டிருக்கிறது. சுத்தம் செய்து இரண்டு பல்லை எடுக்கவேண்டும். ஆனால் சீனி இவ்வளவு இருந்தால் புண் ஆறாது. மேலே போய்க் குறைத்துக்கொண்டு வாருங்கள்."

மேலே ஏறினோம். கவுண்டரில் இருந்தவர், திங்கட்கிழமை பிரஷர்காரர்களின் நாள், உங்கள் நாள் புதன் என்றார். புதன்கிழமை போனோம். டாக்டரம்மா என் வாயைப் பார்த்து அதிர்ந்துபோனார். "இது உள்ளே இருக்கும்வரை சீனி இறங்காது. கீழே போய் முதலில் இதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்." கீழே இறங்கினோம். "முதலில் சீனி" என்றார் அவர். இவரும் அவரும் ஒரே கட்டிடத்தில் வேலை பார்த்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுபடியும் ஏறும்போது சபுரா படிக்கட்டு திரும்பும் இடத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இனி ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன். அவுங்க ரெண்டு பேரும் இங்க வரட்டும்."

"உம்மா, எழுந்திரிங்க லா! எல்லாரும் பாக்குறாங்க!" நஸீமாவுக்கு மானம் போயிற்று. சபுரா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு இன்னும் நன்றாக உட்கார்ந்தாள். போகிறவர்கள் வருகிறவர்களுக்கு வழியில்லை. ஒரு தாதி மேலே ஓடினார், இன்னொருவர் கீழே ஓடினார். கடைசியில் டாக்டரம்மா இறங்கி வந்தார், பல் டாக்டர் ஏறி வந்தார். எங்கள் தலைக்கு மேல் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். முதலில் இரண்டு குரலும் உயர்ந்தன, பிறகு இரண்டும் இறங்கின. மருந்து கொடுத்துச் சீழை அடக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஈறைச் சுத்தம் செய்வது, மேலே சீனியைக் கூடவே கவனிப்பது, கொஞ்சம் இறங்கியதும் பல்லை எடுப்பது என்று படிக்கட்டிலேயே முடிவானது.

பிறகு டாக்டரம்மா குனிந்து எங்களுக்கு விளக்கினார். நஸீமா மொழிபெயர்த்தாள். அழற்சி என்ற சொல் அவளுக்குத் தெரியாது. "ஈறு கோபமா இருக்கு வாப்பா. சூடா, சிவப்பா. அது கோபமா இருந்தா ரத்தத்துல என்னமோ சாமானை அனுப்பிக்கிட்டே இருக்குமாம். அது உடம்பு பூரா போயி, இன்சுலின் சொல்றதை யாரும் கேக்க விடாதாம். அதனால சீனி ஏறுமாம். சீனி ஏறினா ஈறுக்கு இன்னும் கோபம் வருமாம்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கடையின் மூலையில் ஒரு மேசையில் சண்டை நடந்துகொண்டிருந்தால், நான் எவ்வளவு கத்தி ஆர்டர் சொன்னாலும் சமையற்கட்டில் காதில் விழாது. டீ, ரொட்டி எல்லாம் தேங்கிப்போய்க் கிடக்கும். குற்றம் ஆர்டர் சொல்கிறவன் மேல் இல்லை, சண்டையை நிறுத்தவேண்டும். இதைச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு என் வயிற்றைத் தட்டிக் காட்டினார். ஈறு மட்டுமில்லை, தொப்பையில் இருக்கும் கொழுப்பும் சும்மா இருப்பதில்லை, அதுவும் உள்ளுக்குள் இப்படி மெல்லக் கனன்றுகொண்டிருக்கும் என்று இப்போது கண்டுபிடித்து வருகிறார்களாம். மறுநாள் இதைக் கேட்ட நவரத்தினம் அங்கிள் தன் வயிற்றைக் குனிந்து பார்த்து, "ஐசே, இது வலிக்கவே இல்லையே" என்றார். அன்று அவர் டீயை ருசி பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, "போதும்" என்றார்.

படிக்கட்டில் உட்கார்ந்தபடியே சபுரா ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்ப இவுக தின்னாமலே சீனி ஏறியிருக்குமா?"

நஸீமா கேட்டுச் சொன்னாள். "ஏறியிருக்கலாமாம்."

சபுரா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தாள். வேறொன்றும் சொல்லவில்லை. வழியெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஊசிக்கும் கல்லாவுக்கும் பயந்ததைவிட, ஒரு மாதம் முழுக்க அவள் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பார்வைதான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

6

ஈறு ஆறியது. இரண்டு பல் போயின. சாப்பாட்டில் நான் புதிதாக ஒன்றும் குறைக்கவில்லை, குறைக்க என்ன மிச்சம் இருந்தது? மூன்று மாதச் சோதனை வந்தது. முடிவு கேட்கப் போனபோது டாக்டரம்மா இல்லை. ஜொகூருக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம். அந்த நாற்காலியில் ஓர் இளம் மலாய் டாக்டர் உட்கார்ந்திருந்தார். என் பழைய புதன்கிழமைச் சோதனைச் சீட்டை மட்டும் வரிசையாகப் பார்த்தார். பதினைந்து வருஷம் இறங்கியே இருந்தது, நடுவில் ஒரே ஏற்றம், இப்போது மறுபடியும் இறங்கியிருக்கிறது.

"ரொம்ப நல்லது பாச்சிக்" என்றார் மலாயில், பெரியவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஊசி வேண்டாம். எப்போதும் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு மாதம் மட்டும் வாயைக் கட்டவில்லை போலிருக்கிறது. இனிமேல் ஏமாற்றாதீர்கள்."

நான் வாயைத் திறப்பதற்குள் சபுரா எழுந்துவிட்டாள். கடைத்தெருவில் மீன் விலை கேட்பதைத் தவிர வேறெதற்கும் மலாய் பேசாதவள். அரசாங்க அலுவலகம் என்றால் என் முதுகுக்குப் பின்னால் நிற்பவள். அவள் மேசைக்குப் போய், அந்த ஏற்றத்தின் மேல் விரலை வைத்தாள்.

"டாக்டர். இங்க ஏறிச்சு. இவர் திப்பு இல்லை." அவளுக்குத் தெரிந்த மலாயை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் போட்டாள். பிறகு விரலை இழுத்துக்கொண்டுபோய் முந்திய பதினைந்து வருஷத்தின் மேல் வைத்தாள். "இங்க எல்லாம் இறங்கிச்சு. அதுதான் திப்பு. எல்லாம் திப்பு."

டாக்டர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உண்மையா பாச்சிக்?"

சபுரா விரலை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.

"ரெண்டும் உண்மைதான் டாக்டர்" என்றேன்.